மணிக்கட்டுத் தழும்பு

அன்பழகனின் இதயக் குழாய் அடைப்பைச் சேலத்து ஆஸ்பத்திரியில் பலூன் விட்டு நீக்கினார்கள். மருந்து தடவிய பலூன் மணிக்கட்டு வழியே நெஞ்சுக்குப் போய், ஒரு நிமிடம் உப்பி, மருந்தை ஒட்டிவிட்டுச் சுருங்கி வெளியே வந்துவிடும்.

"உள்ள எதையும் விட்டுட்டு வர்றதில்லைங்கம்மா" என்றார் டாக்டர், அவர் மனைவி மருதாயியிடம்.

மழைக்காலத்தில் அன்பழகன் மறுபடி கொட்டச்சேட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். காலில் அட்டையோடு திரும்பினார். உப்பு வைத்து அதை எடுப்பது மருதாயியின் வேலை. திராட்சைபோல் உப்பியிருந்த அட்டை, அவள் உப்பு வைக்கும் முன்பே நூலாகச் சுருங்கி விழுந்தது. நசுக்கினாள். ரத்தமே இல்லை. மாத்திரை வாடை குப்பென்று அடித்தது.

"அட கருமமே" என்று ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். தரையை எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவர் சோறு பிசைந்துகொண்டிருந்தார். மணிக்கட்டுத் தழும்பிலிருந்து ஒரு கறுத்த வால் நெளிந்து குழம்பைத் தொட்டது. மருதாயி உப்பை அள்ளிக்கொண்டு வருவதற்குள் உள்ளே போய்விட்டது.

"ஏனுங்க, அது உள்ள போயிருச்சுங்க!"

அவர் இடது கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டே அடுத்த உருண்டையை வாயில் போட்டார்.

"செத்த பொறு புள்ள. உப்பி முடிச்சுட்டுத் தானா வந்துரும். தெனமும் போறதுதானே."