மருந்து நெடி

“அங்கனயே நில்லு. பிள்ளையத் தூக்கிட்டு உள்ள வராத.”

நீச்சல் குளத்துக் காவலாளி பேச்சிராஜ் கேட்டை உள்பக்கமாகப் பிடித்துக்கொண்டு கத்தினான். வெளியே அவன் மனைவி கோமதித்தாய் கைக்குழந்தையோடு நின்றாள்.

“பெத்த அப்பன் இன்னும் மொகத்தைப் பாக்கல. ரெண்டாவதும் பொட்டப்பிள்ளன்னு ஒதுக்கிட்டான்னு தெருவே பேசுது.”

“பேசுதவன் பேசட்டும். நீ வீட்டுக்குப் போ.”

நீச்சல் வகுப்புக்கு வந்த இரண்டு பெண்கள் அவனை முறைத்துவிட்டு உள்ளே போனார்கள். ஒருத்தி, “இவனெல்லாம் ஒரு மனுசன்” என்றது அவன் காதில் விழுந்தது.

கோமதித்தாய் நகரவில்லை. “எங்க அம்மா வீட்லேருந்து வந்த நாளா ஒரு ராத்திரியாவது வீட்ல படுத்தியளா? பச்ச ஒடம்புக்காரிக்கு என்ன பதில் சொல்லப் போறிய?”

பதில் சொல்ல வாயெடுத்தவனுக்கு இருமல் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்தி, கண்ணில் நீர் தளும்பும்வரை இருமினான்.

“எங்கண்ணன் இப்படி இருமித்தான் செத்தான். உனக்குத் தெரியும்லா” என்றான்.

அவள் முகம் மாறியது. பெரியவன் சங்கரசுப்பு தறிக்குழியிலேயே இருமி இருமிக் கரைந்துபோனதை அவளும் பார்த்திருந்தாள். டி.பி. என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

“டெஸ்ட் எடுத்தியளா?”

“எடுத்து என்னத்துக்கு? இங்கனயே வைத்தியம் நடக்கு. குளத்துல போடுத இந்தக் குளோரின் மருந்து நெடியில எந்தக் கிருமியும் நிக்காது. ராத்திரி பூரா இழுத்து இழுத்துக் குடிக்கேன். நெஞ்சு சுத்தமாகட்டும், வந்து பிள்ளையத் தூக்குதேன்.”

அவன் அதை நம்பினான். பெண்களுக்கும் வகுப்பு வேண்டும் என்று குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் தகரம் அடைத்து, மேலே கூரையும் போட்டிருந்தார்கள். நெடி உள்ளேயே நின்றது. வருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டு, ‘மருந்து நல்லாப் போட்டிருக்காக’ என்று திருப்தியாகத் தண்ணீரில் இறங்குவார்கள்.

அவனுக்கு ஓர் அத்தாட்சியும் இருந்தது. கோமதியம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் குளம் மூடியிருந்த நாட்களில், ரத வீதிக் கூட்டத்தில் அத்தனை புழுதியில் நின்றும் ஒரு தடவைகூட இருமவில்லை. அதுவரை குடித்த நெடி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டான். குளம் திறந்ததும் இருமல் திரும்ப வந்தபோது, இன்னும் கொஞ்சம் குடிக்க வேண்டும் என்று நினைத்தான்.

குழந்தை தும்மியது. “இவளுக்கும் நேத்துலேருந்து சளி” என்றாள் கோமதித்தாய்.

அந்த ஒரு சொல்தான் அவனை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் துரத்தியது.

பரிசோதனை முடிவு சொல்லும் நாளில் டாக்டர் ஷிரின் பானு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “சளியில கிருமி இல்ல. நெஞ்சும் தெளிவா இருக்கு. எங்க வேலை பாக்கறீங்க?”

சொன்னான். நெடியைப் பற்றியும் தபசைப் பற்றியும் சொன்னான். டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார்.

“பேச்சிராஜ், குளோரின் அளவா இருந்து தண்ணியும் சுத்தமா இருந்தா இந்த நெடி அடிக்காது. குளிக்கிறவங்க வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேர்ந்தா வேற ஒரு வாயு உண்டாகும். நெடி அதுதான். காத்துப் போக வழியில்லாத கொட்டகையில அதை ராவும் பகலும் குடிச்சிருக்கீங்க.”

“அப்ப அது மருந்து இல்லையா டாக்டரம்மா?”

“நெஞ்சை அரிக்கிற விஷம். அங்க படுக்கிறதை இன்னையோட விடுங்க. தகரத்தைக் கழட்டிக் காத்து விடச் சொல்லுங்க.”

அவன் ஒன்றைத்தான் கேட்டான். “பிள்ளையத் தூக்கலாமா?”

“தாராளமா.”

வெளியே வந்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று போனை எடுத்தான்.

“ஏட்டி, எனக்கு ஒண்ணுமில்ல! டி.பி. இல்லையாம். வீட்டுக்கு வாரேன், பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு வை.”

“கோமதியம்மன்தான் காப்பாத்திட்டா!” என்று அவள் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஆனா நாங்க வீட்ல இல்லலா” என்றாள்.

“பின்ன எங்கன இருக்க?”

“உங்க குளத்துலதான். இன்னைக்கு வகுப்பு லீவாம், நீச்சல் மாஸ்டர்தான் கேட்டத் தொறந்துவிட்டாரு. விடிஞ்சதுலேருந்து பிள்ளைக்கு ஒரே மூச்சிழுப்பு. நீங்க சொன்னதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. தண்ணி ஓரத்துலயே துண்ட விரிச்சுப் படுக்கப் போட்டிருக்கேன்.”

அவன் கேட்காமலேயே அவள் சொன்னாள்:

“நெடி வெளிய போயிரக் கூடாதுன்னு கதவையும் சாத்திட்டேன்.”