மாதிரிக் கண்ணீர் அஞ்சலி

இணையப் பக்கம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டிருந்த எழிலிக்கு அருமையான இலவசக் கருவி ஒன்று கிடைத்தது. படமும் தேதியும் கொடுத்தால் கண்ணீர் அஞ்சலிப் பக்கம் தயார். பழகிப் பார்க்க அப்பாவின் படத்தையும் அன்றைய தேதியையும் போட்டாள். 'முன்னோட்டம்' என்பதற்குப் பதிலாக 'வெளியிடு' பொத்தானை அழுத்திவிட்டாள்.

உடனே அழித்தாள். அதற்குள் ஊரின் எல்லாக் கணினிகளும் அதைப் படித்துவிட்டன.

மறுநாள் டயாலிசிஸ் மையத்தின் கதவு அப்பாவின் விரல்ரேகையைப் பார்த்து, "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று பணிவாகச் சொல்லி மூடிக்கொண்டது. மற்ற மருத்துவமனைகளும் அப்படியே. முறையிட்டதற்கு, "இறந்தவரின் மனுவை ஏற்க இயலாது" என்று பதில் வந்தது.

அப்பாவின் முகமும் கால்களும் வீங்கின.

"என்ன மன்னிச்சிடுப்பா."

"அழாதம்மா. அந்தப் பக்கத்தக் காட்டு."

கணினியில் கிடந்த நகலைக் காட்டினாள். மூச்சு வாங்க, வெகுநேரம் பார்த்தார்.

"போட்டோ நல்லாருக்கு. தேதிய மட்டும் மாத்திடு."