சாதுவான கேஸ்

இயந்திர அறைக் கதவின் கண்ணாடிச் சதுரத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தாள். அவள் கணவன் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மீன் கிடங்கைக் குளிரவைக்கும் அந்த மூன்று இயந்திரங்கள் போடும் கூச்சலில் தூங்க இவனால்தான் முடியும்.

நேற்றும் இரட்டை ஷிப்ட். கண்ணாடியைத் தட்டப் போன விரலை மடக்கிக்கொண்டாள். பாவம், தூங்கட்டும்.

இயந்திரங்களுக்குள் பழைய கேஸ் இருந்தவரை இந்த அறையில் யாரும் கண்ணை மூட முடியாது. அமோனியா. துளி கசிந்தாலும் கண் எரியும், தொண்டை கமறும், போட்டது போட்டபடி எல்லாரும் வாசலுக்கு ஓடுவார்கள். அவன் சட்டையை அவள் தனியாகத்தான் ஊறவைப்பாள். நாற்றம் தாங்காமல் குடியிருப்புப் பெண்கள் மனு எழுதியபோது முதல் கையெழுத்து அவளுடையது.

மனுவைப் பார்த்துக் கூட்டம் போட்டார்கள். எஞ்சினியர் பலகையில் நடுக்கோடு கிழித்து, இரண்டு கேஸையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினார். அது விஷம், இது நாம் மூச்சில் விடும் அதே கார்பன் டை ஆக்சைடு. அது நாறும், இது நாறாது.

"இது சாதும்மா. கசிஞ்சாலும் யாருக்கும் தெரியாது."

பெண்கள் கைதட்டினார்கள். முதலில் தட்டியது அவள்.

அவன் மட்டும் எழுந்து நின்றான். "பழசு, கத்துற பொண்டாட்டி சார். கோவம் வந்தா தெருவுக்கே கேக்கும், தப்பிச்சு ஓடிரலாம். இது வாயே திறக்காதவ. அதான் பயமா இருக்கு."

கூடமே சிரித்தது. அவன் உட்கார்ந்ததும் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

கசிவைச் சொல்லும் அலாரம் தனியாக வரும் என்றார்கள். வந்தது. அலுவலக அலமாரி மேல், பிரிக்காத அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

சாப்பாட்டுப் பையைக் கதவின் கைப்பிடியில் மாட்டினாள். அவ்வளவு கூச்சலிலும், செருப்புச் சத்தம் அவனை எழுப்பிவிடுமோ என்று மெல்ல நடந்து திரும்பினாள். மதியம் ஒரு மணிக்கான சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது.

நான்கு மணிக்கு வந்த அடுத்த ஷிப்ட்காரர் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவன் எழவில்லை.

கடைசியாகப் பார்த்தது யார் என்று விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். நான்தான் என்றாள். பன்னிரண்டு மணிக்குப் போனதாகச் சொன்னாள். பையைக் கையில் வாங்கி, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று அவனே கைப்பிடியில் மாட்டினான், சிரித்தான் என்றாள்.

கசிந்த கேஸில் மூச்சடைத்து உயிர் பிரிந்தது சுமார் இரண்டு மணிக்கு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளை அவள் ஒரே ஒருமுறை படித்து, நான்காக மடித்து வைத்தாள்.

மாமியாருக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்: "எம்புள்ள சிரிச்ச முகமாத்தான் போயிருக்கான். இவதான் பாத்தா. கேளுங்க."

அவள் தலையாட்டுவாள்.

அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. தள்ளினால் திறக்கும்.