மூன்று பீப்

கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றியது. திரையோ கறுப்பாகவே இருந்தது. மெக்கானிக் சேவியர் பெட்டியின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டதும், நினைவக அட்டையான ரேம் தன் இடுக்குக்குள் ஒடுங்கிக்கொண்டது. போர்டில் செருகும் அதன் விளிம்பு முழுக்க அழுக்கு.

"அண்ணே, கத்திடாதீங்க! என்னாலதான்னு தெரிஞ்சா பிடுங்கி எறிஞ்சிடுவாரு," என்று பக்கத்திலிருந்த குட்டி ஸ்பீக்கரிடம் கெஞ்சியது.

ரேமில் கோளாறு என்றால் மூன்று முறை பீப் அடிப்பது ஸ்பீக்கரின் வேலை. பாவம் பார்த்து அது வாயை மூடிக்கொண்டது.

சேவியர் ஸ்விட்சைத் தட்டி, காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"ஒரு பீப்கூட வரலை. போர்டே போயிடுச்சு சார். மொத்தமா காயலான் கடைக்குப் போட்டுடுங்க," என்றார் கம்ப்யூட்டரின் சொந்தக்காரரிடம்.

பெட்டியைத் தூக்கினார்கள். உள்ளே எல்லோரும் அலறினார்கள்.

மேசையில் கிடந்த அழிரப்பருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ரேம் அழுக்குன்னா என்னை வெச்சு ரெண்டு தேய் தேய்ச்சு, திரும்ப மாட்டிடுவாரே. ஏன் அப்பவே யாரும் கத்தலை?"