கழுவிய மண்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வைரம் தோண்டிய ஒரு குழியின் கதை சொல்கிறேன். அந்தக் குழி சரிந்ததில், உள்ளே தோண்டிக்கொண்டிருந்த சடையன் மண்ணுக்கடியில் புதைந்து செத்துப்போனான். ஆளை எடுக்க முடியாது என்று கங்காணி கைவிரித்துவிட்டார். அவன் மனைவி வெள்ளச்சி குழிமேட்டில் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதை வைத்தாவது ஊரில் அவனுக்குக் காரியம் செய்ய வேண்டும். சுரங்க வாசலில் காவல்காரர் மறித்தார்.

“கழுவிச் சலிக்காத மண்ணு வெளிய போகக் கூடாது தாயி. உள்ள கல்லு இருந்தா என் தலை போயிரும்.”

“கல்லு இருந்தா நீயே வச்சுக்கய்யா. இது என் புருசனை மூடுன மண்ணு.”

அவர் மண்ணை வாங்கிச் சல்லடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். மண் கரைந்து கீழே இருந்த தொட்டிக்குள் ஓடியது. மிஞ்சிய கூழாங்கற்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வைரம் இல்ல, கொண்டு போ” என்று நீட்டினார்.

வெள்ளச்சி அவற்றை வாங்கவில்லை. தொட்டியின் கலங்கல் தண்ணீரில் முந்தானையை முக்கி, பிழியாமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஈரச் சேலையைத் தடுக்க அவரிடம் சட்டம் இல்லை. ஊரோ வெகுதூரம். முந்தானை வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போனது.

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தம் காலாலேயே நடந்து வீடு திரும்பட்டும்.