பெரியது படம், சின்னது குரல்

அப்பா செத்தபோது எனக்கு லீவு தராத சூப்பர்வைசர் தவசிக்கண்ணுவுக்கு, மகள் கல்யாணத்துக்குக் கம்பெனி லீவு தரவில்லை. போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பாலைவன கேம்ப்பில் வைஃபையைக் கவனிப்பவன் நான். வீடியோ கால் துண்டுதுண்டாக, பூட்டிய பாக்கெட்டுகளாக வரும். உள்ளே இருப்பதை நான் பார்க்க முடியாது. ஆனால் பெரிய பாக்கெட் படம், சின்னது குரல் என்று அளவை வைத்தே தெரியும். தாலி கட்டும் நேரத்தில் பெரியவற்றை மட்டும் தடுத்தேன்.

போனோடு ஓடிவந்தார். "தம்பி, புள்ள மொகம் அப்டியே நின்னுபோச்சுடே. என்னன்னு பாரேன்."

"லைன் சரியில்ல அண்ணாச்சி."

போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். "பரவால்ல. மேளம் கேக்கு. அவ சிரிக்கதும் கேக்கு. இது போதும்டே."

சின்னவற்றையும் தடுத்தேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "அலோ," என்றார். "ஏட்டி, கேக்கா?"