சைவ வீட்டு மீன்

"இருபது நாளாச்சு ராயப்பன்! ஒரு குருணை தொடலை. இப்பவே எடுத்துட்டுப் போங்க!"

அண்ணனின் குரல் மூன்று மாடிக்கும் காணும். ஞாயிற்றுக்கிழமை வேறு. நாலைந்து வீடுகளில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது.

"கடல் மீன் சார். கத்தினா இன்னும் மிரளும்."

"ஒரு உசுரு என் கண்ணெதிர்ல பட்டினி கிடந்து சாகணுமா? அதுவும் சைவ வீட்டுல?"

தங்கை சமையலறை வாசலில் நின்றாள். கையில் ஈர இட்லித் துணி.

எடுத்துட்டுப் போங்க.

அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அவள் அடுப்பை விட்டு வந்திருந்தாள்.

*

கண்ணாடித் தொட்டியில் மீன் என்னவோ அழகுதான். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள். ஊசி போல நீண்ட மூக்கு.

வாங்கும்போது அண்ணன் கேட்டது ஒரே கேள்வி. இது அசைவமா?

"பழக்கிக்கலாம் சார்" என்றாராம் ராயப்பன். வளர்ப்பு மீன் கடைக்காரர் வேறென்ன சொல்வார்.

அன்றிலிருந்து பச்சைக் குருணை. பாசியில் செய்தது. மீன் கிட்டே வரும். மோந்து பார்ப்பது போல நிற்கும். திரும்பிப் போய்விடும்.

அவளுக்கு அது பழகிய திரும்பல்.

ரசத்தில் மிளகு தூக்கல். கத்தரிக்காயில் விதை. இட்லி ஆறிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக அண்ணனின் தட்டு அப்படித்தான் திரும்பி வருகிறது. கட்டிக்கொண்டு வந்த அண்ணி எட்டே மாதத்தில் பெட்டியைத் தூக்கிவிட்டாள். போகும்போது இவளைப் பார்த்து "பாவம்" என்று மட்டும் சொன்னதாக மாடிப்படியில் இன்றைக்கும் பேச்சு உண்டு.

*

மீன் தீனி எடுக்கும்வரை ராயப்பன் வந்து பார்த்துத் தரவேண்டும். அதுதான் ஏற்பாடு. திங்கள், வியாழன். பகல் பதினொரு மணி. அண்ணன் ஆபீசில் இருக்கும் நேரம்.

முதல் வியாழக்கிழமையே அவர் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஈரத்துணியில் நாலு மட்டிச் சிப்பி. உயிரோடு.

இந்த மீன் கடலில் இடுக்குக்குள் மூக்கை விட்டுத்தான் தின்னுமாம். மட்டியைப் பிளந்து உள்ளே வைத்தால் வாசனைக்கு வருமாம்.

சாமி படம் மாட்டிய வீடு. அவள் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். பிறகு பழைய கத்தி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

எப்படிப் பிளப்பது என்று அவர் காட்டினார். விரல் படாமல்தான் காட்டினார். எதிர் பிளாக்கில் துணி காயப்போட்டவர்கள் பார்த்தவரைக்கும்.

ஆள் நின்றால் மீன் வராது. அவர் டீ குடித்துவிட்டுக் கிளம்புவார். அண்ணன் வருவதற்குள் அவள் ஓடுகளை எடுத்து, செம்பருத்தித் தொட்டியில் குழி தோண்டிப் புதைப்பாள்.

அடுத்த முறை வரும்போது கேட்பார். சாப்பிட்டதா?

அவள் இல்லையென்று தலையாட்டுவாள்.

இன்னும் நாலு மட்டி. இன்னொரு டீ.

மனைவி இறந்து ஆறு வருடமான மனிதர். டீயை எப்படிக் கொடுத்தாலும் குடித்தார். ஆறியிருந்தாலும். சர்க்கரை போட மறந்த அன்றும்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

*

அடுத்த திங்கட்கிழமையே மீன் தின்றுவிட்டது.

கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஓட்டுக்குள் மூக்கை விட்டு, இழுத்து, விட்டு, இழுத்து. கால் மணியில் ஓடு கழுவிக் கவிழ்த்த கிண்ணம் போலிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவர் கேட்டபோதும் இல்லையென்றே தலையாட்டினாள். அதற்கடுத்த திங்களும்.

தின்கிறது என்றால் அவருக்கு இங்கே வேலையில்லை. தின்னவில்லை என்றால், இதோ, வலையும் பாலிதீன் பையுமாக வந்து நிற்கிறார்.

*

ராயப்பன் கண்ணாடித் தொட்டியின் முன்னால் குந்தினார். வலையைத் தண்ணீரில் விடப்போனவர் அப்படியே நிறுத்தினார்.

பட்டினி கிடக்கும் மீனுக்கு வயிறு ஒட்டிப்போகும். நெற்றிக்குப் பின்னால் குழி விழும். பதினைந்து வருடமாக மீன் விற்கிறவருக்கு இது தெரியாதா.

இந்த மீனுக்கு வயிறு, கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்தது போல இருந்தது.

அவர் மெல்ல நிமிர்ந்தார். அண்ணனைப் பார்க்கவில்லை.

இட்லித் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை முறுக்குகிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

வலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"இன்னும் சாப்பிடலைதான் சார். வாரத்துல ரெண்டு நாள் பத்தாது. தினம் வந்து பார்க்கணும்."

அண்ணன் கையை உதறினார். "என்னமோ பண்ணுங்க. இட்லி ஆறுது."

அவள் உள்ளே போனாள். இட்லியை எடுக்கவில்லை. டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

*

சித்திரையில் கல்யாணம், ரிஜிஸ்தர் ஆபீசில். மாலை மாற்றி இரண்டே நிமிடம். அண்ணன் போகவில்லை. மாடிப்படி ஜனம் பாதி போயிற்று.

இப்போது அவள் கொளத்தூரில் இருக்கிறாள், மீன் கடைக்கு மேல் மாடியில். மீனும் அங்கேதான். செம்பருத்தி மட்டும் இங்கே, இதுவரை இல்லாத அளவுக்குப் பூ.

அண்ணனுக்கு மெஸ்ஸிலிருந்து கேரியர் வருகிறது. திறக்கிறாராம். மோந்து பார்க்கிறாராம். மூடிவிடுகிறாராம்.

பழகிவிடும் என்கிறார்கள்.

இன்றோடு இருபது நாள்.